பன்றிக்கு வைத்திருந்த வேர்

பேத்திக்கு ஒரு மாதம் நிறைந்த அன்று காலை பத்து மணிக்கு, கோழி போட்ட வேர்ச் சூப்பின் முதல் கிண்ணத்தை லியென்தி தன் கையாலேயே மாடிக்கு எடுத்துப் போனாள். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த வலது கை மட்டும் சில்லிட்டுப் போகும்.

முதல் கிண்ணம் பிள்ளை பெற்றவளுக்கு, அப்புறம்தான் விருந்தாளிகளுக்கு. அந்த மலைப்பக்கத்தில் அதை யாரும் மாற்றுவதில்லை. மருமகள் பெய்லின் ஷான்சிக்காரி, வடக்கே கோதுமையும் தினையும் தின்று வளர்ந்தவள். இந்தச் சூப்பை முதன்முதலாகப் பார்த்தபோது, "விறகையா வேக வைக்கிறீங்க?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, இந்த முப்பது நாளில் ஒரு நாள்கூட மிச்சம் வைத்ததில்லை. தினமும் கழுவி வைத்த மாதிரிக் காலிக் கிண்ணம்தான் கீழே வரும். லியென்திக்கு அதில் உள்ளூர ஒரே பெருமை.

"ஒரு சொட்டு விடாம குடிச்சிடும்மா. வேரையும் நல்லாச் சப்பிட்டுத் துப்பு. பால் ஊறும்."

"சரி அத்தை. வச்சிட்டுப் போங்க, கொஞ்சம் ஆறட்டும்."

மகன் குவான்ஷெங் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குழந்தைக்குச் சிவப்புத் தொப்பி மாட்டப் போராடிக்கொண்டிருந்தான். ஷென்ஜெனில் வேலை. சேர்த்து வைத்த லீவையெல்லாம் மொத்தமாகப் போட்டுவிட்டு ஒரு மாதமாக வீட்டில் கிடக்கிறான். சட்டைப் பித்தான் வயிற்றில் பிதுங்கியது.

"பிள்ளை பெத்தவ இளைச்சுக்கிட்டே போறா, நீ ஊதிக்கிட்டே போறியேடா. அடுத்த பிரசவம் உனக்கா?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என்னவோ இருந்தது. இருக்கட்டும், இளசுகள், என்று லியென்தி இறங்கி வந்துவிட்டாள்.

அவள் வேர் விற்கும் சந்தையில் அந்த விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஐந்து விரல் விரித்த மாதிரி இலை, இலையெல்லாம் பூனைமயிர். அதன் வேர்தான் ஐவிரல் வேர். தோண்டி முறித்தால் பால் கசியும், தேங்காய்ப்பால் வாசம் வரும். சனியன், அது முளைக்கும் அதே சரிவில்தான் குடலறுப்பான் கொடியும் படர்ந்து, அதன் வேர் இதன் வேரோடு பின்னிக் கிடக்கும். குடலறுப்பானுக்குப் பாலும் இல்லை, வாசமும் இல்லை. வெட்டினால் உள்ளே மஞ்சள், நாக்கில் பட்டால் கசப்பு. பச்சையாக இருக்கும்போது சின்னப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும். பிளந்து காயவைத்துவிட்டால் இரண்டும் பழுப்புத் துண்டுகள், அவ்வளவுதான். மற்ற வேர்க்காரிகள் சந்தேகம் வந்தால் துண்டைத் தூக்கிக்கொண்டு லியென்தியிடம்தான் ஓடி வருவார்கள். அவள் பார்ப்பாள், முகருவாள், நுனிப்பல்லில் கடித்துத் துப்புவாள், சொல்லிவிடுவாள்.

ஆனால் அவள் இரண்டையும்தான் தோண்டுவாள். ஐவிரல் வேர் மனிதருக்கு, குடலறுப்பான் பன்றிக்கு. ஆளைச் சாய்க்கிற அதே வேர் பன்றியின் வயிற்றுப் புழுவை இறக்கி, பசியைக் கிளப்பி, அதைக் கொழுக்க வைக்கும். எப்படி என்று பன்றியைத்தான் கேட்க வேண்டும். குளிர்காலத்தில் தவிட்டோடு அவித்துப் போடுவாள். மனிதர் கட்டுக்கு மூங்கில் நார், பன்றிக் கட்டுக்கு நீலப் பிளாஸ்டிக் கயிறு. மனிதர் கட்டு அடுக்களைப் பரணில், பன்றிக் கட்டு கொட்டிலில் ஆணியில். இருபத்தாறு வருஷமாக இதுதான் சட்டம். இந்தச் சட்டம் தெரிந்த இன்னொருவர் அவள் புருஷன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

பத்தரை மணி இருக்கும். மாதம் நிறைந்த விருந்துக்கு ஆறு மேசையும் போட்டாகிவிட்டது. சிவப்புச் சாயம் தோய்த்த முட்டைகள் கூடையில் இருந்தன, விருந்தாளிகள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். பன்றி மட்டும் பசியில் கத்தித் தொலைத்தது. சந்தோஷ நாளில் இதுவேறா என்று லியென்தி தவிட்டு வாளியோடு கொட்டிலுக்குப் போனாள்.

கொட்டில் கழுவித் துடைத்துக் கிடந்தது. நேற்றுச் சாயங்காலம் மகன் செய்த வேலை. "அம்மா, விருந்தாளி மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடக் கூடாதுன்னு எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிட்டேன். கண்ட இடத்துல தொங்கினதையெல்லாம் ஒரே இடத்துல போட்டாச்சு" என்றான். அவளும், "என் ராசா" என்று முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

அவள் ஆணியைப் பார்த்தாள். ஆணி மட்டும்தான் இருந்தது.

வாளி கையிலிருந்து நழுவியது. தவிடு காலில் கொட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஒரே இடத்துல போட்டாச்சு. எந்த இடத்தில்? பரணில் நேற்று ஒரு கோணி புதிதாக இருந்ததே, அதை ஏன் அவிழ்த்துப் பார்க்கவில்லை? முற்றத்தில் யாரோ கூப்பிட்டதையும் காதில் வாங்காமல், அவள் அடுக்களைக்கு ஓடினாள்.

அடுக்களையில் விருந்துச் சமையல் அவள் கொழுந்தன் ஆச்சாயின் கையில். ஹெயுவான் நகரத்தில் கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் சமைக்கிறவன், வாய் கொஞ்சம் நீளம். மர முட்டியில் இஞ்சியைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்த முட்டிக்குக் கீழே, வெங்காயத் தோலோடு தோலாக, ஒரு முழ நீலக் கயிறு சுருண்டு கிடந்தது.

"தம்பி, இந்தக் கயிறு எங்கிருந்து வந்தது?"

"பரண்ல கோணி இருந்ததே அண்ணி, அதுல இருந்த வேர்க்கட்டுல கட்டியிருந்தது. ரெண்டு கட்டு நார், ஒரு கட்டு கயிறு. ஏன், கயிறைக் கழுவிக் காயப்போடணுமா?"

"மூணையுமா போட்ட?"

"ஆறு மேசைக்கு மூணு இல்லாம? மோந்து பார்த்துத்தான் போட்டேன். எல்லாம் தேங்காய் வாசம்தான். நான் என்ன நேத்துப் பிறந்தவனா?"

கோணியில் ஒரு ராத்திரி முழுக்க ஐவிரல் வேரோடு ஒட்டிக் கிடந்தால் எதற்குத்தான் தேங்காய் வாசம் வராது? அவளே அதை முகர்ந்திருந்தால் அவளும் ஏமாந்திருப்பாள். பிளப்பதும் அவள் கைதான், ஒரே கத்தி, ஒரே கனம், ஒரே நீளம். பன்றிக்குத்தானே என்று நாலு வெட்டு கோணலாக வெட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? அண்டாவுக்குள் அகப்பையை விட்டுக் கைக்கு வந்த துண்டுகளை எடுத்தாள். இரண்டு மணி நேரம் வெந்து எல்லாம் ஒரே நிறம். ஒன்றைக் கடித்தாள், இனிப்பு. இன்னொன்று, அதுவும் இனிப்பு. மூன்றாவதைக் கடித்ததும் நாக்கின் அடிவரை கசப்பு இறங்கியது. துப்பினாள், வாயைக் கழுவினாள், மறுபடியும் துப்பினாள். கசப்புப் போகவில்லை.

"யாரும் இதைத் தொடக் கூடாது!"

"என்ன அண்ணி, பைத்தியமா? எட்டுக் கோழி! இன்னும் அரை மணியில பந்தி!"

பேசிப் புரியவைக்க நேரமில்லை. அடுப்படியிலிருந்து ஒரு முறம் சாம்பலை அள்ளி அப்படியே அண்டாவில் கொட்டினாள். சூப்பு கறுத்துச் சேறானது. ஆச்சாய் போட்ட கூச்சலில் முற்றத்திலிருந்தவர்களெல்லாம் வாசலுக்கு ஓடி வந்தார்கள். அதற்குள் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு லியென்தி மாடிப்படி ஏறிவிட்டாள். பதினெட்டே படிதான். அவளுக்கு அது ஒரு மலை.

பெய்லின் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் கிண்ணம் காலியாக, பளபளவென்று இருந்தது.

"குடிச்சிட்டியா?"

"குடிச்சிட்டேன் அத்தை. ஒரு சொட்டு விடல."

லியென்திக்குக் கண் இருட்டியது. குழந்தையின் வாயை மார்பிலிருந்து பிடுங்காத குறையாக எடுத்தாள். அது வீறிட்டது. மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"என்னைப் பாரு. நான் ஒருத்தியா தெரியறேனா, ரெண்டா தெரியறேனா? தலை சுத்துதா? இமை கனக்குதா? சொல்லுடி!"

"என்ன அத்தை இது? ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்..."

"விரலை விட்டு வாந்தி எடு! அதுல விஷ வேர் கலந்திருக்கு. குடலறுப்பான்! நானே கொண்டு வந்து கொடுத்தேனே, என் கையால கொடுத்தேனே!"

பெய்லினின் முகம் வெளிறியது. ஆனால் அவள் விரலை வாய்க்குக் கொண்டு போகவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு, உதடு துடிக்க மாமியாரைப் பார்த்தாள்.

"நான் குடிக்கல அத்தை."

"இப்பத்தானே குடிச்சேன்னு சொன்ன?"

"என்னைக்குமே குடிச்சதில்ல. எனக்கு அது தொண்டையில இறங்கவே மாட்டேங்குது. நீங்க வருத்தப்படுவீங்கன்னு... தினமும் அவர்தான் குடிப்பார். இன்னைக்கும் அவர்தான்... வேரையெல்லாம் சப்பி..."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பேத்தி பிழைத்தாள் என்று லியென்தியின் வயிறு குளிர்ந்தது. அடுத்த நொடியே அந்தக் குளிர் பயமாக மாறியது. ஊதிய கன்னம், பிதுங்கிய பித்தான், அந்தச் சிரிப்பு, எல்லாம் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"எங்கடி அவன்?"

"சரவெடி வைக்கணும்னு கீழே போனாரு."

கீழே ஆச்சாய் அவளுக்கு எதிராக வழக்கு நடத்திக்கொண்டிருந்தான். சாம்பல் கலந்த சூப்பை ஒரு வாளியில் மொண்டு பன்றித் தொட்டியில் ஊற்றியிருந்தான். பன்றி வாலை ஆட்டிக்கொண்டு உறிஞ்சியது. சுற்றி நின்ற விருந்தாளிகள் சிரித்தார்கள்.

"பார்த்தீங்களா? விஷமாம் விஷம்! பன்னி இன்னும் கேக்குது! எங்க அண்ணிக்குப் பேத்தி வந்த சந்தோஷத்துல மூளை கலங்கிடுச்சு."

"முட்டாளே! இது அந்த வேரைத் தின்னுதான்டா கொழுத்திருக்கு! பன்னியா உனக்குச் சாட்சி? குவான்ஷெங் எங்க?"

ஆச்சாய் கொட்டிலின் மூங்கில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு உற்று உற்றுப் பார்த்தான். கண்ணைக் கசக்கினான், மறுபடியும் பார்த்தான்.

"அண்ணி," என்றான், குரல் தாழ்ந்து போய். "உங்க வீட்ல எப்ப ரெண்டு பன்னி வந்துச்சு?"

ஒரே பன்றிதான் இருந்தது. சிரித்தவர்களின் வாய் அப்படியே நின்றது.

"எத்தனை கரண்டி குடிச்ச?"

"உப்புப் பார்க்க... ரெண்டு கரண்டி."

இரண்டு கரண்டிக்கு இரண்டு பன்றி. மகன் ஒரு கிண்ணம் குடித்திருக்கிறான். "வேனை எடுங்கடா! ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க!" என்று அவள் போட்ட அலறலில் கூட்டம் கலைந்து ஆளுக்கொரு பக்கம் ஓடியது.

குவான்ஷெங் வெளிவாசல் கல்லில் உட்கார்ந்திருந்தான். மடியில் சரவெடிச் சுருள். வலது கையில் லைட்டர் எரிந்துகொண்டிருந்தது. திரியை நோக்கி அதைக் கொண்டு போனான். நெருப்பு திரிக்கு நாலு விரல் தள்ளி வெறும் காற்றில் நின்றது. மறுபடியும் முயன்றான், மறுபடியும் தள்ளித்தான் போனது. அவ்வளவு பெரியவன், குழந்தை மாதிரிக் குழம்பிப் போய் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். இமை பாதிக்குமேல் ஏறவில்லை.

"அம்மா... எந்தத் திரியப் பத்த வைக்கணும்?"

லைட்டரைத் தட்டிவிட்டு அவனை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். கனத்தான். இந்த மாதத்துச் சூப்பெல்லாம் சேர்ந்து கனத்தான்.

விருந்தாளி ஒருவரின் வேனில் அவனைப் படுக்க வைத்தார்கள். ஆச்சாயை முன்னால் ஏற்றினார்கள். அவன் வழி நெடுக ஜன்னல் வழியே வாந்தி எடுத்தான், அதுவே அவனுக்கு நல்லதாகப் போயிற்று. பெய்லின் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு ஏறிக்கொண்டாள். மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்கியது. ஆம்புலன்ஸ் எதிரே வருகிறது, பாலத்தடியில் மாற்றிக்கொள்ளலாம் என்று போனில் சொன்னார்கள். பாலம் இருபது நிமிஷ தூரம்.

"விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கலாமா அத்தை?"

"வேணாம். முழுங்கவே அவனுக்கு இப்ப தெம்பு இல்ல. மூச்சுல போயிடும்."

தலை முதலில் தொங்கியது. தாடை பிறகு தொங்கியது. கண் மூடியிருந்தது, ஆனால் நினைவு இருந்தது. கையை அழுத்தினால் மெல்ல, மிக மெல்ல, திரும்ப அழுத்தினான். அதுதான் லியென்திக்குத் தாங்கவில்லை. உள்ளே முழித்துக்கொண்டிருக்கிறான், எல்லாம் கேட்கிறது, உடம்பு மட்டும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வருகிறது.

"மூச்சு விடுடா. இழு. ஆங், விடு. இழு. அம்மா சொல்றேன்ல, இழு."

ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் சொன்னாள், ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் கேட்டான். பிறகு அவள் சொன்னதற்கும் அவன் செய்ததற்கும் நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது. பெய்லின் அவன் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். இளைத்துப் போன அந்த உடம்பில் எங்கிருந்துதான் அவ்வளவு காற்று வந்ததோ. ஊதுவாள், நிமிர்வாள், அழுவாள், மறுபடியும் ஊதுவாள். லியென்தி மகனின் நெஞ்சில் கை வைத்து அது ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே, தெரிந்த தெய்வங்களையெல்லாம் திட்டிக்கொண்டும் கெஞ்சிக்கொண்டும் வந்தாள்.

பாலத்தடியில் வெள்ளை வண்டி நின்றிருந்தது. இளம் டாக்டர் ஒருத்தி குழாயைச் செலுத்திக்கொண்டே கேட்டாள்.

"என்ன சாப்பிட்டார்?"

"குடலறுப்பான். காஞ்ச வேர். ஒரு கிண்ணம். மணி பத்து."

"சந்தேகமில்லாமத் தெரியுமா? நிறையப் பேர் மாத்திச் சொல்லுவாங்க."

லியென்தி கையை விரித்தாள். நீலக் கயிறு உள்ளங்கையில் பதிந்து தடம் போட்டிருந்தது. "நான்தான் தோண்டினேன், நான்தான் வெட்டினேன், நான்தான் கட்டினேன். பன்னிக்கு வச்சிருந்தேன் டாக்டர். வீட்ல ஒருத்தருக்கும் சொல்லி வைக்கல."

"இதுக்கு மாத்து மருந்து கிடையாதும்மா. விஷம் வடியற வரைக்கும் அவருக்குப் பதிலா மெஷின் மூச்சு விடும். நேரத்துக்குக் கொண்டு வந்திருக்கீங்க. பார்ப்போம்."

அந்தப் 'பார்ப்போம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, மாவட்ட ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அவள் மறுநாள் காலைவரை உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்கூட இறங்கவில்லை. யாரோ வாங்கி வந்த சூப்பின் வாசனை பட்டதும் எழுந்து போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். கோழி எது, இஞ்சி எது, வேர் எது என்று இனி ஒன்றையும் நம்ப முடியாது போலிருந்தது. சந்தையில் எத்தனை ஆயிரம் துண்டுகளை எத்தனை பேர் கையில் கொடுத்திருக்கிறாள்! அவர்கள் வீட்டிலெல்லாம் ஆணி இல்லையா, கோணி இல்லையா, ஒழுங்கு பண்ணுகிற மகன் இல்லையா?

எட்டு மணிக்குக் குழாயை எடுத்தார்கள். தானாக மூச்சு விடுகிறான், பேச இன்னும் நேரமாகும் என்றார்கள். கண்ணாடி வழியே பார்த்தாள். குவான்ஷெங் கண்ணைத் திறந்து, ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். ஒரு அம்மாதான் தெரிகிறாள் என்கிறான். அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். அடுத்த வார்டிலிருந்து ஆச்சாய், கையில் ஊசியோடு, தள்ளாடி வந்து நின்றான்.

"அண்ணி, என்னை நாலு அறை விடுங்க."

"தெம்பு வரட்டும். எட்டா வாங்கிக்கோ."

பெய்லின் ஒரு டிபன் டப்பாவோடு படியேறி வந்தாள். விடிகாலையில் வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, தன் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய தினையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்திருந்தாள். மஞ்சளாக, கொழகொழவென்று, ஆவி பறந்தது. மூடியில் ஊற்றிக் கரண்டியோடு மாமியாரிடம் நீட்டினாள்.

"நேத்திலிருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க."

லியென்தி வாங்கிக்கொண்டாள். வாய்க்குக் கொண்டு போக முடியவில்லை. கஞ்சிக்குள் என்ன தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கரண்டியால் கிளறினாள், மறுபடியும் கிளறினாள். விளிம்பில் சிந்தியது.

பெய்லின் மூடியை அவள் கையிலிருந்து வாங்கி, தான் ஒரு வாய் குடித்தாள், நன்றாக, சத்தமாக விழுங்கினாள். பிறகு வாயைத் திறந்து காட்டிவிட்டு, மூடியைத் திரும்ப அவள் கையில் வைத்தாள்.

"இந்தத் தடவை நிஜமாவே குடிச்சேன் அத்தை."

லியென்தி ஒரு மடக்குக் குடித்தாள். வெதுவெதுப்பாக இறங்கியது. இரண்டாவது மடக்கும் இறங்கியது. மருமகள் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அந்தக் கண்ணிலும் பயம்தான், இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருந்த பயம். லியென்தி இதுவரை அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு அத்தை?"

லியென்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"வாயில வைக்க முடியல. உப்பே இல்லடி," என்றாள். "நாளைக்கு உப்புப் போட்டுக் கொண்டா."